இன்னும் ஒன்பது நாள்

காலை பதினோரு மணிக்குள் கண்ணாடி அக்கா நாற்காலியை விட்டு மூன்று முறை எழுந்துவிட்டாள். முதல் முறை போய்க் கை கழுவினாள். இரண்டாவது முறை லென்ஸைத் துடைக்கத் துணி தேடினாள். மூன்றாவது முறை எதற்கு எழுந்தோம் என்று அவளுக்கே தெரியவில்லை. ஜன்னல் வரை போய்த் தெருவை வெறித்துவிட்டுத் திரும்பி வந்தாள். மைக்ராஸ்கோப்பின் கீழே அந்த ரத்தத் தகடு அப்படியே இருந்தது. அதில் இருந்ததும் அப்படியே இருந்தது.

ஒரு சிவப்பணு. அதற்குள் மெல்லிய நீல வளையம், வளையத்தின் விளிம்பில் சிவப்பாக ஒரு பொட்டு. அதை ஒட்டியே இன்னொரு வளையம். ஒரே அணுவுக்குள் இரண்டு. இருபத்திரண்டு வருடமாக ரத்தம் பார்க்கிற கண்ணுக்கு இதற்கு மேல் சாட்சி வேண்டியதில்லை. மலேரியா. அதிலும் ஆளையே சாய்க்கிற வகை.

நாள் முழுக்கக் கண்ணாடித் தகடுகளோடு மல்லுக்கட்டுவதாலும், மூக்கின் மேல் தடித்த கண்ணாடி ஒன்று குந்தியிருப்பதாலும் அவளுக்கு அந்தப் பெயர். மலேரியா ஒழிப்பு அலுவலகத்தில் ஒரு காலத்தில் பதினோரு பேர் இருந்தார்கள். காய்ச்சல் குறையக் குறைய ஆட்களும் குறைந்தார்கள். வெளியிலிருந்து வந்த உதவி ஒரு வருடம் சொல்லாமல் கொள்ளாமல் நின்றது. கடைசியில் மிஞ்சியது மூன்று பேர்: அதிகாரி, கண்ணாடி அக்கா, மருந்தடிக்கிற புகை அண்ணன். பிறகு உலகத்துக்குத் திடீரென்று ஞானம் வந்தது. போன வருடம் பல நாட்டுக்காரர்கள் ஒன்றாக உட்கார்ந்து, இந்த முறை மலேரியாவை முடித்தே தீருவது என்று பேசினார்களாம். அதன் பிறகு புது மைக்ராஸ்கோப் வந்தது, புது வண்டி வந்தது, வாரத்துக்கு நாலு கடிதம் வந்தது. மூன்று வருடம் உள்ளூரில் ஒருவருக்கும் தொற்றாமல் இருந்தால் இந்தப் பகுதிக்குச் சான்றிதழ். அதைச் சோதிக்க ஒரு குழு வருகிறது.

அதிகாரியின் அறைச் சுவரில் ஒரு பலகை தொங்கியது. 'தொற்று இல்லாத நாட்கள்: 1086.' தினமும் காலையில் வந்ததும் சாக்பீஸ் எடுத்து எண்ணை அவரே மாற்றுவார். அந்த வேலையை வேறு யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டார். மூன்று வருடம் நிறைய இன்னும் ஒன்பது நாள்.

கண்ணாடி அக்கா கதவோரம் போய் நின்றாள்.

"சார், கொஞ்சம் வந்து பாக்கறீங்களா?"

அவள் குரலிலேயே அவருக்குப் பாதி புரிந்துவிட்டது. வந்து குனிந்து பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். நிமிர்ந்தபோது முகத்தில் ஈயாடவில்லை.

"யாரு?"

"டெய்லர் சார். பள்ளிக்கூடத்துக்கு எதிர்ல கடை வச்சிருக்காரே. அஞ்சு நாளா காய்ச்சலாம்."

"வெளியூர் எங்கயாவது போயிருப்பாரு. கேட்டியா?"

"கேட்டேன் சார். அவருக்கு ஒரு கால் சின்ன வயசுலேர்ந்தே வராது. 'தெரு முனைக்குப் போகவே எனக்கு விசா வேணும் தங்கச்சி'ங்கறாரு."

அதிகாரி சிரிக்கவில்லை. மேஜை மேலிருந்த படிவத்தை எடுத்தார். அதில் இரண்டு கட்டம். வெளியிலிருந்து வந்த தொற்று என்று ஒன்று, உள்ளூரிலேயே பரவியது என்று இன்னொன்று. முதல் கட்டத்தில் விரலை வைத்தார்.

"இதுல டிக் போட்டா ஒன்னும் இல்ல. அதுல போட்டா மறுபடியும் முதல்லேர்ந்து. மூணு வருஷம்."

"அவரு எங்கயும் போகல சார்."

"எனக்குத் தெரியுது." அவர் நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார். "நான் வேலைக்கு வந்த புதுசுல ஒரே மழைக்காலத்துல முப்பத்தோரு பிள்ளைங்க போச்சு. ஒரு கட்டில்ல ரெண்டு ரெண்டு பேரு. அதெல்லாம் முடிஞ்சுதுன்னு ஒரு காகிதம் வந்தா, கண்ண மூடறதுக்குள்ள ஒரு தடவ பாத்துரலாம்னு இருந்தேன். இப்பதான் வெளியில உள்ளவங்களும் திரும்பிப் பாத்திருக்காங்க. இது தெரிஞ்சா, இவங்களால ஆகாதுன்னு மறுபடியும் கைகழுவிட்டுப் போயிருவாங்க."

"கொசுவுக்கு நம்ம படிவத்தப் படிக்கத் தெரியாதே சார்."

சொன்ன பிறகுதான் அவளுக்கே திக்கென்றது. அதிகாரி அவளை நிமிர்ந்து பார்த்தார். கோபம் வரப்போகிறது என்று நினைத்தாள். வரவில்லை.

"சரி. அப்ப எங்கேர்ந்து வந்துச்சுன்னு கண்டுபுடி. வெளியூர்லேர்ந்து கொண்டுவந்த ஆளு எவனாவது கெடச்சா, கமிட்டிகிட்ட வாயத் தொறக்கவாவது ஏதாவது இருக்கும். ரெண்டு நாள்."

அன்றே டெய்லரைச் சுகாதார நிலையத்தில் சேர்த்தார்கள். புகை அண்ணனும் கண்ணாடி அக்காவும் டெய்லர் கடையைச் சுற்றி வீடு வீடாக ஏறி இறங்கினார்கள். காய்ச்சல் உண்டா, குளிர் உண்டா, விரலைக் கொடுங்கள், ஒரு குத்து, ஒரு சொட்டு. கடைக்குப் பின்னால் நாலு மாடிக் கட்டடம் ஒன்று பாதியில் நின்றது. கீழ்த்தளத்தில் முழங்காலளவு தண்ணீர். புகை அண்ணன் வெள்ளைக் கரண்டியால் மொண்டு எடுத்து நீட்டினார். சாதாரணக் கொசுப்புழு தலைகீழாகத் தொங்கும். கரண்டியில் இருந்தவை மலேரியாக் கொசுவின் புழுக்கள்; நீரின் மேல் குப்புறப் படுத்துக் கிடந்தன.

"நம்மாளுதான்" என்றார் புகை அண்ணன், தொலைந்துபோன சொந்தக்காரனைப் பார்த்ததுபோல. "இவன் இங்க குடித்தனம் வச்சிருக்கான், நாம மூணு வருஷமா பலகையில நம்பர் எழுதிட்டு இருக்கோம்."

கொசு இருக்கிறது. ஆனால் கொசு தானாக நோயை உண்டாக்காது. யாரோ ஒருவரின் ரத்தத்திலிருந்துதான் எடுத்திருக்க வேண்டும். முதல் நாள் எண்பத்தாறு தகடுகள். ஒன்றிலும் இல்லை. கண்ணாடி அக்காவுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. உட்கார்ந்தால் காலாட்டினாள், நின்றால் நகத்தைக் கடித்தாள். வீட்டில் தம்பி மகள் மடியில் ஏற வந்தபோது, "அத்தைக்கு வேலை இருக்குடி கண்ணு" என்று விலக்கிவிட்டாள். எந்த வேலையும் இல்லை. எங்கோ ஒன்றைக் கோட்டை விட்டுவிட்டோம் என்று உள்ளே ஏதோ பிராண்டிக்கொண்டே இருந்தது.

மறுநாள் காலை நேரே சுகாதார நிலையத்துக்குப் போனாள். டெய்லர் தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். முகம் தெளிந்திருந்தது.

"அண்ணே, நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. உங்க கடைக்கு வெளியூர் ஆளு யாராவது வந்து போறாங்களா? துணி தைக்கக் குடுத்துட்டுப் போறவங்க இல்ல. பொழுது சாஞ்சப்புறம் வந்து உக்கார்ற ஆளு."

டெய்லர் போர்வை நுனியைத் திருகினார்.

"நேத்தே சொல்லலாம்னு பாத்தேன். நீயே கேக்கட்டும்னு விட்டுட்டேன்."

"யாரு?"

"தம்பிதான். தெனமும் சாயங்காலம் வரும். கடையச் சாத்தற வரைக்கும் பேசிட்டு இருக்கும்."

"எந்தத் தம்பி?"

"உன் தம்பிதான் தங்கச்சி. வேற யாரு?"

கண்ணாடி அக்கா தோள்பையை எடுத்து மாட்டினாள். நேரே வெளியே வந்தாள். பஸ்ஸுக்காகக் காத்திருக்கப் பொறுமையில்லை. வெயிலில் விடுவிடுவென்று நடந்தாள்.

தம்பி வேறொரு நாட்டில் சுரங்க வேலையில் இருந்தான். இரண்டு வருடத்துக்கு ஒரு முறை விடுப்பு. ஏழு வாரத்துக்கு முன் வந்தான். அவன் மனைவியும் நாலு வயது மகளும் அக்காவின் வீட்டிலேயே இருந்தார்கள். அம்மாவும் அப்பாவும் போன பிறகு அவனைப் படிக்க வைத்து, ஆளாக்கி, கல்யாணம் செய்துவைத்தது எல்லாம் அவள்தான். அவன் வந்திறங்கிய அன்று ஆளே கறுத்து மெலிந்திருந்தான். 'சுரங்கத்துல வெயிலு ஏதுடா?' என்று கேட்டாள். அவன் சிரித்தான். அவளும் சிரித்து அதோடு விட்டுவிட்டாள். ஊரார் விரலையெல்லாம் குத்தியவளுக்குச் சொந்த வீட்டு விரல் ஞாபகம் வரவில்லை.

வீட்டில் தம்பி பெட்டியில் துணி அடுக்கிக்கொண்டிருந்தான். ஆறு நாளில் பயணம்.

"அங்க உனக்குக் காய்ச்சல் வந்துச்சாடா?"

"என்னக்கா, வந்ததும் வராததுமா? அங்க காய்ச்சல் வராதவன் யாரு? கெளம்பறதுக்கு முன்னாடிகூட நாலு நாள் படுத்திருந்தேன்."

"மாத்திரை?"

"குடுத்தாங்க. ரெண்டு வேளை போட்டேன், விட்டுருச்சு."

"மிச்சம்?"

அவன் பெட்டியின் பக்கப் பையில் கைவிட்டு அட்டையை எடுத்துக் காட்டினான். பாதி மாத்திரை அப்படியே இருந்தது. "அடுத்த தடவைக்கு ஆகும்னு வச்சிருக்கேன். அங்க எல்லாரும் அப்படித்தான்."

கண்ணாடி அக்கா தோள்பையிலிருந்து ஊசியை எடுத்தாள். தம்பியின் விரலைப் பிடித்தாள், அவன் மனைவியின் விரலைப் பிடித்தாள். குழந்தை சமையல்கட்டுக்குள் ஓடி ஒளிந்தாள்.

"அவளுக்கு எதுக்கு அண்ணி?" என்றாள் தம்பி மனைவி.

"எல்லாருக்கும்தான். உடம்பு கிடம்பு சுட்டுச்சா?"

"முந்தாநேத்து லேசா இருந்துச்சு. நீங்கதானே சளின்னு சொல்லி சிரப் குடுத்தீங்க?"

கண்ணாடி அக்கா சமையல்கட்டுக்குள் போய்க் குழந்தையைத் தூக்கிவந்தாள். பிஞ்சு விரலைக் குத்தி ஒரு சொட்டு எடுத்தாள்.

அலுவலகத்துக்கு வந்து சாயம் ஊற்றினாள், கழுவினாள், காயவைத்தாள். காய்கிற நேரம்கூடப் பொறுக்கமுடியாமல் தகடுகளை வாயால் ஊதினாள். அப்படி ஊதக்கூடாது என்று ஊருக்கெல்லாம் பாடம் எடுத்தவள். முதலில் தம்பியுடையது. எண்ணெய்ச் சொட்டு விட்டு லென்ஸை இறக்கினாள். தகட்டை இடம் இடமாக நகர்த்திப் பார்த்துக்கொண்டே போனாள். முப்பதாவது பார்வையில் அகப்பட்டது, பிறை போல வளைந்து, நடுவில் கறுப்புத் துகளோடு. கொசுவுக்குப் போகத் தயாராக இருக்கிற கிருமி. இன்னொன்று. இன்னொன்று. அவனுக்குக் காய்ச்சல் இல்லை, சோர்வு இல்லை. ஆனால் ஏழு வாரமாக அந்தி சாய்ந்ததும் அந்தக் கொசுக்களுக்கு நடுவே உட்கார்ந்து கதையளந்திருக்கிறான்.

தம்பி மனைவியுடையதில் ஒன்றும் இல்லை. குழந்தையின் தகட்டை மாட்டினாள். நூறு பார்வை பார்த்தாள். இல்லை. மூச்சு விட்டாள். மனம் கேட்காமல் இன்னும் பார்த்தாள். நூற்று நாற்பதாவது பார்வையில் ஒரு வளையம் இருந்தது.

எழுந்தாள். உட்கார்ந்தாள். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடியும் பார்த்தாள். அது போகவில்லை.

மருந்தை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு ஓடினாள். சர்க்கரைத் தண்ணீரில் மாத்திரையைக் கரைத்துக் குழந்தைக்குப் புகட்டினாள். குழந்தை வாந்தியெடுத்தாள். மறுபடியும் கரைத்தாள். இரண்டாவது முறை உள்ளே தங்கியது. தம்பி சுவரோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தான்.

"என்னாலயா அக்கா?"

"மாத்திரையப் போடு. என் கண்ணு முன்னாடி போடு. மூணு நாளும்."

போட்டான். குழந்தை தூங்கிய பிறகு அவள் கூடவே வாசல் வரை வந்தான். குரலைத் தாழ்த்தினான்.

"அக்கா, மருந்துதான் குடுத்துட்டியே. எழுதணுமா?"

"எழுதாம?"

"பேரு எழுதினா கம்பெனி டாக்டருக்குப் போகும். திரும்பி உள்ள விடமாட்டான். நாலு பேரு லைன்ல நிக்கறான் என் எடத்துக்கு. டெய்லருக்கு எப்படி வந்துச்சுன்னு தெரியலன்னு எழுதிரு. யாரு வந்து கேக்கப் போறா?"

"டேய்..."

"நான் உங்கிட்ட இதுவரைக்கும் ஒன்னும் கேட்டதில்லக்கா."

அது உண்மை. செருப்புக்கூட அவளாகப் பார்த்து வாங்கிக் கொடுத்தால்தான். அவள் படியிறங்கி நடந்தாள்.

அலுவலகத்தில் மூன்று படிவங்களை முன்னால் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். டெய்லருடையதை எழுதி முடித்தாள். இரண்டாவதில் பேனா நகரவில்லை. நேற்று அதிகாரியிடம் எவ்வளவு வாய் பேசினோம் என்று நினைத்துக்கொண்டாள். அடுத்தவர் படிவத்தில் நியாயம் பேசுவது என்ன சுலபமாக இருந்தது! தம்பி நாளைக்கு வேலையில்லாமல் நின்றால் பழி யார் தலையில்? ஒரு கட்டத்தைக் காலியாக விட்டால் யாருக்கு என்ன குறை? மருந்துதான் கொடுத்தாயிற்றே. எழுந்து ஜன்னலுக்குப் போனாள், கதவுக்குப் போனாள். அலமாரியில் தகட்டுப் பெட்டிகள் ஏற்கெனவே ஒழுங்காக அடுக்கியிருந்தன. அவற்றைக் கலைத்து மறுபடியும் அடுக்கினாள்.

வெளியே வண்டி நிற்கும் சத்தம். புகை அண்ணன் மருந்து டப்பாவோடு உள்ளே வந்தார். சட்டையெல்லாம் வியர்வை. கையில் தெருவின் வரைபடம்.

"அக்கா, கட்டடத்துத் தண்ணியில மருந்து ஊத்தியாச்சு. இனி வீட்டுச் சுவருக்கு அடிக்கணும். மருந்து நாப்பது வீட்டுக்குத்தான் வரும். நோய் கொண்டுவந்த ஆளு வீட்ட நடுவுல வச்சு வட்டம் போடணும். எந்த வீட்டுலேர்ந்து ஆரம்பிக்கட்டும்?"

வரைபடத்தை மேஜை மேல் விரித்துப் பென்சிலை எடுத்துக் காத்திருந்தார். டெய்லர் கடையை நடுவில் வைத்தால் அவள் வீடு வட்டத்துக்கு வெளியே போய்விடும். அவள் தெருவில் ஒன்பது வீடுகள். அந்த ஒன்பதிலும் குழந்தைகள் உண்டு. யார் யார் எந்த ஜன்னலோரம் படுப்பார்கள் என்பதுகூட அவளுக்குத் தெரியும்.

"என் வீட்டுலேர்ந்து" என்றாள்.

புகை அண்ணன் விளையாட்டு என்று நினைத்துச் சிரிக்கப்போனார். அவள் முகத்தைப் பார்த்ததும் பென்சிலைக் கீழே வைத்தார்.

"நெசமாவா?"

"தம்பிதாண்ணே. பாப்பாவுக்கும் இருக்கு. வட்டத்தப் போடுங்க."

அவர் பென்சிலை மறுபடியும் எடுத்தார். வட்டம் போட்டார். அவர் போன பிறகு அவள் இரண்டு படிவங்களையும் எழுதினாள். நோயாளிக்கும் தகடு பார்த்தவருக்கும் உறவு உண்டா என்ற கட்டத்தில் 'தம்பி' என்றும் 'தம்பி மகள்' என்றும் எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

அதிகாரி மூன்றையும் வாசித்தார். தம்பியுடையது வெளியிலிருந்து வந்தது, சரி. மற்ற இரண்டும் இங்கேயே பரவியவை. வேறு வழியே இல்லை. பேனாவை எடுத்து மூன்றிலும் கையெழுத்துப் போட்டார். பிறகு எழுந்து போய்ப் பலகையில் எண்ணைத் துடைத்துச் சுழி எழுதினார். சாக்பீஸ் உடைந்தது. மிச்சத் துண்டால் எழுதி முடித்தார்.

"பாப்பா எப்படி இருக்கா?" என்று கேட்டார், திரும்பாமலே.

"மருந்து தங்கிருச்சு சார்."

"அது போதும். நாளைக்கு லீவு போட்டுட்டு அவகூட இரு."

குழு வந்தது. மூன்று பேர், நாலு மணி நேரம். தகடுகளைப் பார்த்தார்கள், கட்டடத்தின் கீழ்த்தளத்துக்கு இறங்கினார்கள், டெய்லரிடமும் பேசினார்கள். சான்றிதழ் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். மூன்று வருடம் கழித்துப் பார்க்கலாம். உதவி தொடருமா நிற்குமா என்பதை மேலே உள்ளவர்கள் முடிவு செய்வார்கள். அறிக்கையில் ஒரே ஓர் இடத்தில் 'கண்காணிப்பு நம்பத்தக்கது' என்று எழுதியிருந்தார்கள். அதிகாரி அந்த இரண்டு வார்த்தைகளையும் மதியம் வரை திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருந்தார்.

குழந்தை நாலாம் நாளே கட்டிலின் மேல் குதிக்க ஆரம்பித்துவிட்டாள். அடுத்த எட்டு வாரம் தெருவில் ஒருவர் விடாமல் திரும்பத் திரும்ப விரல் குத்தி ரத்தம் பார்த்தார்கள். புதிதாக யாருக்கும் இல்லை. டெய்லர் மட்டும், "என்னால இந்த ஊரே ஃபெயிலாயிருச்சு" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். அதில் அவருக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்ததுபோல் பட்டது.

தம்பியின் பயணம் தள்ளிப்போனது. கம்பெனி டாக்டர் இரண்டு முறை ரத்தம் எடுத்துவரச் சொன்னார். ஐந்து வாரம் அவன் அக்காவோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. ஒரே வீட்டில், ஒரே மேஜையில், "உப்பு" என்றால் உப்பைத் தள்ளுவான், அவ்வளவுதான். கடைசியில் கூப்பிட்டார்கள். வேறு முகாமுக்கு, பழையதைவிடச் சின்ன வேலைக்கு. கிளம்பும்போது மகளை முத்தமிட்டான், மனைவியிடம் சொல்லிக்கொண்டான். அக்காவைப் பார்த்துத் தலையை அசைத்துவிட்டு வண்டியில் ஏறினான். அவள் வாசலிலேயே நின்றாள். அன்று முழுக்க அவளால் ஓரிடத்தில் இருக்கமுடியவில்லை. துவைத்த துணியையே மறுபடியும் துவைத்தாள்.

இருபது நாள் கழித்து, வேலை நேரத்தில், அவள் போன் அடித்தது. தம்பி.

"அக்கா, வேலையா இருக்கியா?"

"சொல்லுடா." அவள் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்துவிட்டாள்.

"நான் நல்லாத்தான் இருக்கேன். பயப்படாத. இங்க எங்க ஷெட்டுல இருபத்தாறு பேரு. அதுல பதினோரு பேருக்குக் காய்ச்சலு. மருந்து குடுக்கறவன் ரெண்டு வேளைக்குக் குடுத்துட்டு வேலைக்கு அனுப்பிர்றான். எல்லாவனும் மிச்சத்த எடுத்து வச்சுக்கறான். நான் சொன்னா சிரிக்கறானுங்க."

அவள் போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

"அடுத்த வாரம் இதுல நாலு பேரு லீவுல ஊருக்குப் போறான். நாலும் நாலு நாடு. அவனவன் வீட்டுலயும் பிள்ளைங்க இருக்கு." தம்பி குரலைத் தாழ்த்தினான். "யாருகிட்டக்கா சொல்லணும் இத? எனக்குத் தெரியல."

"லைன்லயே இரு. வச்சிராத."

போனைக் காதிலிருந்து எடுக்காமலே அதிகாரி அறைக்குள் போனாள். அவர் ஏதோ கடிதம் எழுதிக்கொண்டிருந்தார். அவள் சொல்லச் சொல்லப் பேனாவை மூடினார். 'அது நம்ம எல்லை இல்லையே' என்று சொல்வார் என்று அவள் எதிர்பார்த்தாள். அவர் இழுப்பறையைத் திறந்து கடிதக்கட்டு ஒன்றை எடுத்தார். அந்தப் பல நாட்டுக் கூட்டத்தில் கலந்துகொண்டவர்களின் பட்டியல் அதில் இருந்தது. பக்கங்களைப் புரட்டினார். எழுத்து கண்ணுக்குத் தெரியவில்லை. அவள் மூக்குக் கண்ணாடிக்குக் கை நீட்டினார், அவள் கழற்றிக் கொடுத்தாள்.

"அவன் இருக்கற நாட்டு ஆளு பேரு இருக்கு. நம்பரும் இருக்கு" என்றார். "தம்பிகிட்ட முகாம் பேரு, அந்த நாலு பேரு போற தேதி, போற ஊரு, எல்லாத்தையும் கேட்டு எழுதிக்கோ. நான் அவங்கள எழுப்பறேன்."

"இப்ப அங்க ஆபீஸ் நேரமா சார்?"

"யாருக்குத் தெரியும்? அடிக்கட்டும்."

அவர் மேஜைப் போனில் எண்களை ஒவ்வொன்றாக அழுத்தினார். கண்ணாடி அக்கா கண்ணாடி இல்லாமலே, ஒரு காகிதத்தை இழுத்துவைத்து, தம்பி சொல்லச் சொல்லப் பெரிய பெரிய எழுத்தில் எழுத ஆரம்பித்தாள்.